எங்கே என்று சொல்லும் வாயு

எங்கள் அணு மருத்துவத் துறையில் விலை உயர்ந்த கருவி என்று எதைக் காட்டினாலும் அதற்குள் ஒரு படிகம் இருக்கும். காமா கேமராவில் சோடியம் அயோடைடு. பெட் ஸ்கேனரில் லுட்டீசியம் கலந்த படிகம். பார்க்க வருகிறவர்கள் அவற்றின் முன்னால்தான் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கதிரியக்க மருந்து தயாரிக்கும் ஹாட் லேபில் என் வேலை தொடங்குவது வாயுவில்தான். காலையில் ஜெனரேட்டர் என்ற பெட்டியிலிருந்து டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை இறக்கியதும் குப்பி நேராகப் போவது அதன் அளவைப் பார்க்கும் டோஸ் காலிபிரேட்டருக்குள். அதன் சுவருக்குள் இருப்பது அழுத்தி அடைத்த ஆர்கான். மேசையையும் தரையையும் துழாவ எடுக்கும் கருவியின் வட்டத் தலைக்குள்ளும் வாயு. மருந்து சரியாகக் கூடியிருக்கிறதா என்று பார்க்கும் பட்டை ஸ்கேனருக்குள்ளும் வாயு.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், "அதெல்லாம் பழைய டெக்னாலஜி இல்லையா மேடம்?" என்பார்கள். பழையதுதான், 100 வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் சில இடங்களில் அது தோற்றது பழையது என்பதால் அல்ல. சில இடங்களில் இன்னும் நிற்பது பழையது என்பதையும் மீறி அல்ல. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: வாயு லேசானது. சோடியம் அயோடைடு படிகத்தோடு ஒப்பிட்டால் ஆர்கானின் அடர்த்தி 2,000-ல் ஒரு பங்குகூட வராது. அது எங்கே ஜெயித்தது, எங்கே தோற்றது என்ற கதை முழுவதும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

அடிப்படை எளிது. மின்னூட்டம் கொண்ட துகள் ஒன்று வாயுவுக்குள் பாய்ந்தால் வழியில் உள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே போகும். ஒரு எலக்ட்ரானைப் பிய்க்க ஆர்கானில் சராசரியாக 26 எலக்ட்ரான் வோல்ட் செலவாகும், காற்றில் 34. 50 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஓர் ஆல்ஃபா துகள் காற்றில் 4 சென்டிமீட்டர்கூடப் போகாமல் நின்றுவிடும். அதற்குள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் எலக்ட்ரான்களை விடுவித்திருக்கும். இரு பக்கமும் மின்முனை வைத்து வோல்டேஜ் கொடுத்தால் அவை மீண்டும் அயனிகளோடு சேர்ந்துவிடாமல் இழுத்துச் சேகரித்துவிடலாம். வோல்டேஜை எவ்வளவு ஏற்றுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரே குழாய் மூன்று விதமாக நடந்துகொள்ளும். குறைவாக வைத்தால் உண்டான எலக்ட்ரான்கள் மட்டும் வந்து சேரும், அது அயனிக்கலம். இன்னும் ஏற்றினால் ஒவ்வொரு எலக்ட்ரானும் கம்பிக்கு அருகில் பல்லாயிரமாகப் பெருகும். அது விகித எண்ணி. அதற்கும் மேலே போனால் கைகர்.

டோஸ் காலிபிரேட்டர் முதல் ரகம். பெருக்கமே கிடையாது. அதனால்தான் அது இன்னும் அசையாமல் இருக்கிறது. கதிரியக்கத்தைக் கியூரி என்ற அலகில் அளப்போம். நோயாளிக்குப் போடும் சில மில்லி கியூரியையும், ஜெனரேட்டரிலிருந்து முதலில் இறக்கும் ஒரு கியூரிக்கு மேற்பட்டதையும் கருவியின் நடுவிலுள்ள ஒரே குழியில் வைத்து அளக்க வேண்டும். தனித்தனித் துடிப்பாக எண்ணும் எந்தக் கருவியும் அந்தக் கூட்டத்தில் திணறிப்போகும். அயனிக்கலம் எண்ணுவதில்லை, ஓடும் மின்னோட்டத்தை மட்டும் அளக்கிறது. தினமும் காலையில் சீசியம்-137 மூலத்தை உள்ளே இறக்கிப் பார்ப்போம். அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 வருடம் என்பதால், நேற்றைய எண்ணும் இன்றைய எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டினால் சலிப்புத் தட்டும். அந்த அளவுக்கு ஒரே எண். ஒரு கருவியைப் பற்றி இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

ஆனால் காலிபிரேட்டருக்கு 'எவ்வளவு' மட்டும்தான் தெரியும். எனக்குப் பிடித்த கதை 'எங்கே' என்ற கேள்வியில் தொடங்குகிறது.

1908-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் ஒரு பித்தளைக் குழாயின் நடுவில் மெல்லிய கம்பி கட்டி, ஆயிரத்துச் சொச்சம் வோல்ட் கொடுத்து, ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். துகள் நுழையும்போது எலக்ட்ரோமீட்டர் ஊசி ஒரு துள்ளு துள்ளும். அதைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். 20 வருடம் கழித்து, 1928-ல் கீல் பல்கலைக்கழகத்தில் கைகரும் அவருடைய மாணவர் வால்தர் முல்லரும் அதைச் சீர்படுத்தி, பீட்டா, காமா எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் குழாயாக்கினார்கள். நாம் ஜி.எம். குழாய் என்று சொல்வது அது.

ஜி.எம். குழாயின் பலம், அது தரும் துடிப்பு மிகப் பெரியது என்பது. பெரிய பெருக்கி எதுவும் வேண்டாம். ஒலிபெருக்கியோடு நேரே இணைத்தாலே டக் டக் என்று கேட்கும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஓர் இடத்தில் எலக்ட்ரான் பெருக்கம் தொடங்கியதும் அங்கிருந்து புற ஊதாக் கதிர்கள் கிளம்பி, பக்கத்தில் அடுத்த பெருக்கத்தைத் தொடங்கிவிடும், அது அடுத்ததை. சரவெடியின் ஒரு முனையில் நெருப்பு வைத்த மாதிரி கம்பி முழுவதும் வெடித்துத் தீரும். எந்த இடத்தில் பற்றியது, எவ்வளவு பெரிய துகள் பற்றவைத்தது, எதுவும் கடைசியில் தெரியாது. எல்லாத் துடிப்பும் ஒரே அளவு. வெடிப்பு தானாக அடங்குவதற்காக முதலில் ஆல்கஹால் ஆவியைக் கலந்தார்கள். அது ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் சிதைந்து தீர்ந்துபோகும். 1940களின் பிற்பகுதியில் புரோமின், குளோரின் போன்ற ஹாலஜன்களுக்கு மாறினார்கள். அவை சிதைந்தாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். குழாயின் ஆயுள் கூடியது. இடம் மட்டும் தெரியவே இல்லை.

அப்படியானால் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரே வழி, குழாயையே நகர்த்துவது. மருத்துவத்தில் முதலில் செய்தது இதைத்தான். பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர், எம்.ஐ.டி.யின் ராப்லி எவன்ஸ், ஆர்தர் ராபர்ட்ஸ் ஆகியோரோடு சேர்ந்து 1930களின் பிற்பகுதியில் முயல்களுக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்து, அது தைராய்டில் போய்ச் சேர்வதை ஜி.எம். குழாயால் காட்டினார். அவர்களுக்குக் கிடைத்தது அயோடின்-128. அரை ஆயுள் 25 நிமிடம். தயாரித்து, கொடுத்து, அளந்து முடிப்பதற்குள் பாதிக்கு மேல் போய்விடும். அப்புறம் 1948-ல் லிவர்பூலில் ஜோசப் ராட்பிளாட்டும் ஆன்செல் என்ற மருத்துவரும், தைராய்டு வீங்கிய கழலை மார்புக்குள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க, அயோடின் குடித்த நோயாளியின் கழுத்தின் மேலும் மார்பின் மேலும் புள்ளி புள்ளியாகக் குழாயை வைத்து எண்ணி, ஒரே எண்ணிக்கை வரும் இடங்களைக் கோடுகளால் இணைத்து வரைபடம் போட்டார்கள். மலையின் உயரத்தைக் காட்டும் வரைபடங்களில் இருப்பதைப் போன்ற கோடுகள்தான். இந்த ராட்பிளாட், அணுகுண்டுத் திட்டத்திலிருந்து பாதியில் வெளியேறி, 1995-ல் அமைதிக்கான நோபல் வாங்கினாரே, அவரேதான். அணு மருத்துவப் படத்தின் ஆரம்பத்தில் அவர் பெயர் இருப்பது எங்கள் துறையிலேயே பலருக்குத் தெரியாது.

எங்கள் தரையில் நான் இன்றும் செய்வது ராட்பிளாட் செய்ததைத்தான். ஊசி மாற்றும்போது ஒரு சொட்டு சிந்திவிட்டது என்று வையுங்கள். கண்ணுக்கு அது தெரியாது; தெரிந்தாலும் தண்ணீர்ச் சொட்டா, டெக்னீஷியமா என்று யார் சொல்வது? பான்கேக் என்று நாங்கள் சொல்லும் தட்டையான வட்டத் தலை வைத்த ஜி.எம். கருவியை எடுத்து, தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில், நத்தை வேகத்தில் நகர்த்த வேண்டும். வேகமாக வீசினால் சொட்டைத் தாண்டிப் போய்விடுவோம். எண்ணிக்கை ஏறத் தொடங்கும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து இன்னொரு கோடு. நான்கு பக்கமும் வந்தால் நடுவில் சொட்டு. வட்டம் போட்டு, வெளியிலிருந்து உள்நோக்கி டிஷ்யூவால் ஒற்றி எடுப்போம். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் வட்டம் பெரிதாகும். மறுபடி அளப்போம். தரையின் துளைகளுக்குள் இறங்கியது போகாது. அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து ஒட்டி, தேதியும் நேரமும் எழுதிவிட்டுப் போனால் மீதியை டெக்னீஷியமே பார்த்துக்கொள்ளும். அரை ஆயுள் 6 மணி நேரம்; வெள்ளிக்கிழமை மாலை மூடியது திங்கட்கிழமை காலையில் ஆயிரத்தில் ஒரு பங்காகியிருக்கும்.

பான்கேக்கின் முகப்பில் இருப்பது மைக்கா ஜன்னல், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் எடைகூட இருக்காது. குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. பேனா முனை பட்டால் போதும், 'டப்' என்று உள்ளே உறிஞ்சிக்கொண்டு உடையும். அப்புறம் அது வெறும் தகரடப்பா. அதனால் கம்பி வலை போட்ட மூடியைக் கழற்றாதே என்று எல்லோரிடமும் சொல்லி வைப்பது வழக்கம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவைப்பேன். ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் ஜி.எம். குழாய் நூறு மைக்ரோ விநாடி போலச் செத்துக் கிடக்கும். அளவுக்கு மீறிய கதிர்வீச்சில், உயிர் திரும்புவதற்குள் அடுத்த துகள் வந்து அடித்துக்கொண்டே இருந்தால், சில பழைய கருவிகளில் முள் ஏறாது, மாறாக இறங்கும்.

"ரீடிங் கம்மியா இருக்கே மேடம், அப்போ சேஃப்தானே?" என்று ஒரு பெண் கேட்டாள், மூடாத குப்பிக்குப் பக்கத்தில் கருவியை அப்போதுதான் ஆன் செய்துவிட்டு.

"வெளியே போய், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆன் பண்ணிக்கிட்டே உள்ள வா. வழி முழுக்க முள்ளைப் பார்த்துக்கிட்டே வா" என்றேன். பாதி தூரத்தில் முள் ஏறி, குப்பியை நெருங்கும்போது சரிந்ததை அவளே பார்த்தாள். அதற்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

சரி, கம்பி முழுவதும் வெடிக்காமல் ஒரே இடத்தில் பெருக்கத்தை நிறுத்த முடியுமா? முடியும். வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்து, புற ஊதாக் கதிரை விழுங்கும் வாயு ஒன்றைக் கலக்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் உருளை உருளையாக வந்து இறங்கும் பி-10 என்பது 90 சதவீதம் ஆர்கான், 10 சதவீதம் மீத்தேன். ஆர்கான் அயனியாகும், மீத்தேன் புற ஊதாவை உறிஞ்சி, பற்றிய இடத்திலேயே அடக்கும். மெல்லிய கம்பியைச் சுற்றி மின்புலம் கம்பியை நெருங்க நெருங்கக் கூடும் என்பதால், பெருக்கம் நடப்பதெல்லாம் கடைசியில், கம்பிக்கு வெகு அருகில்தான். ஒரு எலக்ட்ரான் பத்தாயிரமாகவோ லட்சமாகவோ ஆகும். எத்தனை வந்ததோ அதற்கு விகிதமாகத்தான் துடிப்பும். நம் ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தில், அண்டக் கதிர்களால் உண்டாகும் மியூவான் என்ற துகள்களைப் பிடிக்க 6 மீட்டர் நீளமுள்ள சதுர இரும்புக் குழாய்கள் 3,712 அடுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றுக்குள் இருப்பதும் இதே பி-10. அண்டக் கதிருக்கும் எங்கள் மேசை மேல் கிடக்கும் காகிதப் பட்டைக்கும் ஒரே வாயு என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் உண்டு.

அந்தக் காகிதப் பட்டையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எலும்பு ஸ்கேனுக்குப் போடும் மருந்தில் டெக்னீஷியம் எம்.டி.பி. என்ற மூலக்கூறோடு பிணைந்திருக்க வேண்டும். பிணையாமல் தனியாகக் கிடக்கும் பெர்டெக்னடேட் எலும்புக்குப் போகாது. தைராய்டிலும் வயிற்றிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் போய் உட்காரும். படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு எரிச்சல், நோயாளிக்கு வீண் கதிர்வீச்சு. அதனால் ஊசி போடும் முன் ஒரு பட்டையின் அடியில் துளி மருந்தை வைத்து, அசிட்டோனில் நிறுத்துவோம். அசிட்டோன் மேலே ஏறும்போது தனி பெர்டெக்னடேட்டும் கூடவே ஏறிவிடும். பிணைந்தது அடியிலேயே நிற்கும். இனி இரண்டும் எவ்வளவு என்று அளந்தால் போதும். பல டெக்னீஷியம் மருந்துகளுக்குச் சரியாகப் பிணைந்த பங்கு 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பெரும்பாலான இடங்களில் பட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எண்ணுவார்கள். வேலை நடக்கும், குறையில்லை. ஆனால் எங்கே வெட்டுவது? துளியைக் கொஞ்சம் பெரிதாக வைத்துவிட்டால் அது அடியிலிருந்து வால்போல் நீண்டிருக்கும். வெட்டு அந்த வாலில் விழுந்தால் நல்ல மருந்து கெட்ட மருந்தாகத் தெரியும். கத்தரிக்கு இது தெரியாது. ஸ்கேனருக்குத் தெரியும். அதில் பட்டைக்கு இணையாக, அதன் மேலே, பி-10 ஓடும் நீளமான குழாய்க்குள் ஒரே கம்பி. பட்டையிலிருந்து கிளம்பும் துகள் கம்பியின் எந்த இடத்துக்கு நேராகப் பெருக்கத்தைத் தொடங்கியதோ, அந்த இடத்தை மின்னணு சொல்லிவிடும். ஒரு வழி, கம்பிக்கு அதிக மின்தடை கொடுத்து, இரு முனைகளிலும் வந்து சேரும் மின்னூட்டத்தைப் பங்கு பார்ப்பது; இடது முனைக்கு அருகில் விழுந்தால் இடது பக்கம் அதிகம் வரும். இன்னொரு வழி, துடிப்பைத் தாமதப்படுத்தும் தடத்தில் ஓடவிட்டு, இரு முனைகளுக்கும் வந்து சேர்வதில் உள்ள நேர வித்தியாசத்தைப் பார்ப்பது. 1968-ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் போர்கோவ்ஸ்கியும் காப்பும் துடிப்பு எழும் வேகத்தை இரு முனைகளிலும் ஒப்பிட்டு, இந்த வேலையை ஒற்றைக் கம்பியில் செய்து காட்டினார்கள். இன்று திரையில் மலைபோல ஒரு சிகரம் வளரும், பக்கத்தில் ஒரு சின்ன மேடு. வால் நீண்டிருந்தால் சிகரத்தின் ஒரு தோள் சரிந்து தெரியும். பார்த்தவுடன், மருந்தில் தப்பா, துளி வைத்த கையில் தப்பா என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவு மெல்லிய வாயு டெக்னீஷியத்தின் காமாவை எப்படிப் பிடிக்கிறது என்று கேட்கலாம். சரியான கேள்வி. காமாவைப் பெரும்பாலும் பிடிக்கவே இல்லை. டெக்னீஷியம்-99எம் சிதையும்போது ஏறத்தாழ பத்தில் ஒரு முறை காமாவுக்குப் பதிலாக ஓர் எலக்ட்ரானை வெளியே தள்ளும். வாயு விரும்பிப் பிடிப்பது அதைத்தான்.

வாயுக் கலம் திறந்திருந்தால் காற்று புகுந்துவிடும். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கண்ட இடத்தில் கவ்விக்கொள்ளும், சிகரம் உயராது. உருளை மாற்றிய அன்று பொறுமையாகக் கொஞ்ச நேரம் வாயுவை ஓடவிட்டுக் காற்றைத் துரத்த வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற கருவி இல்லை இது.

ஓக் ரிட்ஜ்காரர்கள் ஒற்றைக் கம்பியோடு மல்லுக்கட்டிய அதே 1968-ல், ஜெனீவாவுக்கு அருகில் சேர்ன் ஆய்வகத்தில் ஜார்ஜ் ஷார்பாக் பல கம்பிகளை வரிசையாகக் கட்டினார். போலந்தில் 1924-ல் பிறந்த யூதர், சிறுவனாகப் பெற்றோரோடு பாரிசுக்கு வந்தவர், போர்க்காலத்தில் டாஹாவ் வதைமுகாமிலிருந்து உயிரோடு திரும்பியவர், ஜோலியோ-கியூரியிடம் படித்தவர். அவரும் தொழில்நுட்பர் ரோஜே பூக்லியேயும் செய்த முதல் கலம் 10 சென்டிமீட்டர் சதுரம்தான். அதற்கு முன் துகள்களின் பாதையைக் குமிழிக் கலங்களில் புகைப்படம் எடுத்து, அந்தப் படச்சுருள்களை ஆட்கள் உட்கார்ந்து கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள்.

பல கம்பிகளைச் சில மில்லிமீட்டர் இடைவெளியில் கட்டினால் ஒன்றின் துடிப்பு பக்கத்துக் கம்பிகளுக்கும் கசிந்து, எல்லாம் கலங்கிவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான பயம். ஆனால் துடிப்பை உண்டாக்குவது பெரும்பாலும் எலக்ட்ரான்கள் அல்ல. கம்பியை விட்டு விலகிப் போகும் நேர்மின் அயனிகள். அவை விலகும்போது தம் கம்பியில் எதிர்மின் துடிப்பையும் பக்கத்துக் கம்பிகளில் நேர்மின் துடிப்பையும் தூண்டுகின்றன. கசிவை அந்த எதிர்க்குறி விழுங்கிவிடுகிறது. ஆக, ஒவ்வொரு கம்பியும் தனி எண்ணியாக நடந்துகொண்டது. டிரான்சிஸ்டர் மலிவாகத் தொடங்கிய காலம். கம்பிக்கு ஒரு பெருக்கி வைக்க முடிந்தது. 1992-ல் இயற்பியல் நோபலை ஷார்பாக் தனியாகவே வாங்கினார்.

இடம் சொல்லும் வாயு கைக்கு வந்தாயிற்று. இனி மருத்துவமனைக்குள் நுழைய வேண்டியதுதானே? நுழையப் பார்த்தது. அங்கே வழியை மறித்து நின்றது பழைய பிரச்சினை: லேசு. டெக்னீஷியத்தின் காமா 1,40,000 எலக்ட்ரான் வோல்ட். சாதாரண அழுத்தத்தில் ஒரு சென்டிமீட்டர் ஆர்கானுக்குள் 10,000 காமா போனால் இரண்டோ மூன்றோதான் எதையாவது இடிக்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான சோடியம் அயோடைடு படிகம் பத்தில் ஒன்பதைப் பிடித்துவிடும். ஹால் ஆங்கர் 1950களிலேயே படிகத்தை வைத்துக் காமா கேமரா செய்துவிட்டார். வாயுவுக்கு அங்கே வாய்ப்பே இல்லை.

ஆனாலும் முயன்றவர்கள் உண்டு, அவர்களின் முயற்சிகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒரு வழி, கனமான செனானை அழுத்தி அடைப்பது. 1970களில் வந்த மூன்றாம் தலைமுறை சி.டி. ஸ்கேனர்கள் பலவற்றில் உயர் அழுத்த செனான் கலங்கள் வரிசையாக இருந்தன. எல்லாக் கலத்துக்கும் ஒரே வாயு என்பதால் ஒன்றுக்கொன்று வேறுபாடு குறைவு. பிறகு பீங்கான் படிகங்கள் வந்து அவற்றை ஓரங்கட்டின. அமெரிக்காவில் ஜெஃப்ரி லேசி செனான் அடைத்த பலகம்பிக் கேமராவை இதயத்துக்குப் பயன்படுத்தினார். அவர் தேர்ந்தெடுத்தது டான்டலம்-178: அரை ஆயுள் 9 நிமிடம் சொச்சம், ஆற்றல் குறைந்த கதிர். வாயுவால் முடிந்த கதிரைத் தேடிப்போய்ப் பிடித்தார் என்று சொல்லலாம்.

இன்னொரு வழி சேர்னில் ஆலன் ஜீவன்ஸ் செய்தது. ஈயத் தகடுகளையும் மின்கடத்தாத் தாள்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, அதில் வரிசையாகத் துளை போட்டார். காமா ஈயத்தில் மோதி ஓர் எலக்ட்ரானை உதைத்துத் தள்ளும். அது அருகிலுள்ள துளைக்குள் விழுந்து அங்குள்ள வாயுவை அயனியாக்கும். அந்த எலக்ட்ரான்களை மின்புலம் கீழே உள்ள கம்பிக் கலத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். பிடிப்பது ஈயத்தின் வேலை, இடம் சொல்வது வாயுவின் வேலை. 1977-ல் இப்படிப்பட்ட இரண்டு கலங்களுக்கு நடுவே ஓர் எலியை வைத்து, ஃபுளோரின்-18 சேர்ந்த அதன் எலும்புகளைப் படம் எடுத்தார்கள். படத்தைக் கட்டியெழுப்பும் கணக்கைச் செய்தவர் டேவிட் டவுன்செண்ட். எலியைக் கவனித்துக்கொண்டவர் மரிலேனா ஸ்ட்ரைட்-பியாங்கி. சேர்னில் எடுத்த முதல் பெட் படம் அதுதான். டவுன்செண்ட் பின்னர் ஜெனீவா மருத்துவமனைக்குப் போனார், அப்புறம் அமெரிக்காவுக்கு. ரொனால்ட் நட்டோடு சேர்ந்து பெட்-சி.டி.யை உருவாக்கினார். எங்கள் துறையில் தினமும் நோயாளிகள் படுக்கும் கருவியின் வம்சாவளியில் ஒரு வாயுக் கலமும் ஓர் எலியும் இருக்கின்றன. கருவிக்குள் இப்போது வாயு இல்லை. பிடிக்கும் திறனில் படிகமே வென்றது. நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தின் அளவு அதைப் பொறுத்தது என்பதால் அந்தத் தீர்ப்பு சரியானதும்கூட. ஜீவன்ஸின் வடிவம் சின்ன விலங்குகளுக்கான பெட் கருவியாகச் சில காலம் ஓடியது. ஒரு மில்லிமீட்டர் நுணுக்கம் வரை காட்டியது.

இனி வாயு யாருக்கும் விட்டுக்கொடுக்காத இடம். ட்ரிட்டியம், அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவம். மூளையில் ஒரு மருந்து எந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது என்று பார்க்க, அதில் ஹைட்ரஜனுக்குப் பதில் ட்ரிட்டியத்தைப் பொருத்தி, மூளையை மெல்லிய சீவலாகச் சீவிப் பார்ப்பார்கள். ட்ரிட்டியத்தின் பீட்டா பரிதாபமானது. அதிகபட்சமே 18,600 எலக்ட்ரான் வோல்ட். காற்றில் 6 மில்லிமீட்டர். திசுவுக்குள் 6 மைக்ரான். எந்த ஜன்னலும் அதற்குச் சுவர்தான். பான்கேக்கின் மைக்காவைக்கூட அது தாண்டாது. ட்ரிட்டியம் சிந்திய மேசையின் மேல் ஜி.எம். கருவியை எவ்வளவு நேரம் பிடித்தாலும் அது வாயே திறக்காது. துடைத்தெடுத்த காகிதத்தைத் திரவ மினுமினுப்பு எண்ணியில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். படம் வேண்டுமென்றால், சீவலைப் படச்சுருளோடு ஒட்டிவைத்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். படம் வெளிறியிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

ஷார்பாக் 1980களின் முடிவில் இதைக் கையில் எடுத்தார். ஜன்னல் தடை என்றால் ஜன்னலையே எடுத்துவிட்டு, சீவலை வாயுவுக்குள்ளேயே வைத்துவிடலாம். சீவலிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் பீட்டா அங்கேயே, ஒரு மில்லிமீட்டருக்குள், வாயுவை அயனியாக்கும். இரண்டு தட்டையான வலைகளுக்கு இடையே எலக்ட்ரான்கள் பெருகும். வாயுவில் ட்ரைஎத்திலமீன் ஆவி கலந்திருப்பதால் பெருக்கம் நடக்கும் இடம் ஒளிரும். மேலே இருந்து உணர்திறன் மிக்க கேமரா அந்த ஒளியைப் படம் பிடிக்கும். ஒவ்வொரு சிதைவும் ஒரு பொட்டு. பொட்டுகள் சேரச் சேரத் திரையில் மூளையின் வடிவம் தெரியத் தொடங்கும். வாரங்கள் மணிகளாகச் சுருங்கின. எத்தனை பொட்டு என்பது எண்ணிக்கையாகவே கிடைப்பதால், படச்சுருளின் கருமையை வைத்து ஊகிக்க வேண்டியதும் இல்லை. காமா கேமராவில் வாயுவைத் தோற்கடித்த அதே குணம் இங்கே ஜெயிக்க வைத்தது: நலிந்த துகளை நுழையவிடாமல் தடுக்காத, அதே சமயம் அதன் சுவட்டைத் தவறவிடாத பொருள் வேறெது?

கதை கம்பியோடு நிற்கவில்லை. 1996-ல் ஜியோமட்டாரிஸ், ஷார்பாக் குழுவின் மைக்ரோமெகாஸ் வந்தது. மெல்லிய உலோக வலைக்கும் தட்டுக்கும் இடையே மயிரிழை இடைவெளியில் பெருக்கம். 1997-ல் ஃபேபியோ சாவ்லி 50 மைக்ரான் பாலிமர் தாளின் இரு பக்கமும் தாமிரம் பூசி, 70 மைக்ரான் விட்டத்தில் நெருக்கமாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையையும் ஒரு பெருக்கியாக்கினார். அதற்கு ஜெம் என்று பெயர். ஷார்பாக்கின் கலத்தின் வழிவந்த செனான் கருவி ஒன்று, முதுகு வளைந்த குழந்தைகளை நிற்க வைத்தே, குறைந்த கதிர்வீச்சில் எக்ஸ்-ரே எடுக்கும் ஈ.ஓ.எஸ். என்ற இயந்திரமாக மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 2010-ல் இறக்கும் முன் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

கடைசியாக, இதையெல்லாம் பேசும்போது தவறாமல் வரும் கேள்வி: "வீட்டுக்கு ஒரு கைகர் கருவி வாங்கலாமா?" ஆர்வத்துக்கு வாங்கலாம். செல்ஃபோன் டவரைச் சோதிக்க என்றால் வேண்டாம். ரேடியோ அலை எதையும் அயனியாக்காது, கருவி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. மீனிலோ பாலிலோ கதிரியக்கம் கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் அது உதவாது. அதற்கு ஈயக் கோட்டைக்குள் வைத்த படிகக் கருவியோ ஜெர்மேனியக் கருவியோ வேண்டும். மலிவான கருவிகளில் இருப்பது கண்ணாடியோ உலோகமோ சுற்றிய குச்சிக் குழாய்; காமாவையும் வலுவான பீட்டாவையும் மட்டும்தான் பார்க்கும். கொஞ்சம் கூடச் செலவழித்து மைக்கா ஜன்னல் உள்ளதை வாங்குங்கள். திரையில் தெரியும் மைக்ரோ சீவர்ட் பெரும்பாலும் சீசியம்-137-ஐ வைத்து அளவிட்டது, அதனால் அதை அப்படியே நம்பாமல் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதைப் பாருங்கள். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல் பத்து நிமிடச் சராசரி எடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கம் போனால் கடற்கரையில் கருமணல் வரி ஓடும் இடத்தில் பிடித்துப் பாருங்கள், அந்த மணலில் இருக்கும் மோனசைட் என்ற தாதுவில் உள்ள தோரியத்துக்கு எண்ணிக்கை நன்றாகவே ஏறும். இரண்டடி தள்ளி வெள்ளை மணலில் இறங்கும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பரணில் பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டில் கிடக்கிறதா என்று தேடலாம். அந்தக் காலத்து மேன்டில்களில் தோரியம் உண்டு. எரித்துப் பொடியானதைத் தொடாதீர்கள், பிரிக்காத புதிது போதும். உறையைப் பிரித்து ஜன்னலுக்கு மிக அருகில் பிடியுங்கள். நடுவில் ஒரு தாளை நீட்டுங்கள், எண்ணிக்கை விழும், அது ஆல்ஃபா. அப்புறம் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அலுமினியத் தகடு, இன்னும் விழும், அது பீட்டா. அதற்குப் பிறகும் மிச்சமிருப்பது காமாவும், எப்போதும் சுற்றியிருக்கும் பின்னணியும்.